அத்தை காடு

ஒன்றும் விதைக்காத நிலத்துக்கு வருஷம் தவறாமல் களை எடுக்கிற ஆள் இந்த ஜில்லாவிலேயே சுப்புலட்சுமி ஒருத்திதான் என்று ஆனைக்குட்டம் பக்கத்தில் கேலி பேசுவார்கள். பேசுகிற வாய்க்கு என்ன, பேசிவிட்டுப் போகட்டும். பங்குனி பிறந்து வெயில் கண்ணைக் குத்தத் தொடங்கியதும் அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். அறுபத்தாறு வயசு. முழங்கால் இரண்டும் மடக்கும்போதெல்லாம் சத்தம் போடும். ஆனாலும் வெயில் ஏறுவதற்குள் ஒரு பாத்தி அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கி, உதிர்ந்த வேப்பிலையைக் கூட்டி, சாக்கில் அமுக்கிக் கட்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டினால்தான் அவளுக்குக் காலைக் கஞ்சி இறங்கும். கூட்டியதை அங்கேயே கொளுத்திவிட்டால் பாதி வேலை மிச்சம்தான். ஆனால் அங்கே தீக்குச்சி உரசக்கூடாது. கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனி, மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி, நடுவில் எண்பதடி அகலத்துக்கு இந்த வெறும் நிலம். எழுபத்திரண்டு சென்ட்.

அத்தை காடு என்று அதற்குப் பேர். அந்தப் பேர் வந்த கதை எண்பத்தேழு வருஷத்துக் கதை.

சுப்புலட்சுமியின் தாய்வழித் தாத்தா குருவையா, இப்போது விருதுநகர் என்கிற விருதுபட்டியில் வத்தல் யாவாரம் பண்ணியவர். வெள்ளைக்காரன் காலம். ஆனைக்குட்டத்தில் மிளகாய் காயப்போடுவதற்கென்று அவர் வாங்கிப்போட்ட கரிசல் காடு ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைச்சல். அவருக்கு இரண்டு மகன்கள், கடைசியாக ஒரு மகள். மகன்கள் இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் என்று சத்தியம் பண்ணினாலும் ஊர் நம்பாது. களத்தில் வத்தல் காயப்போடும்போது இவன் படுதா அவன் பக்கம் ஒரு சாண் போய்விட்டதென்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள். குருவையா யோசித்தார். ஈசுவர வருஷம் தை மாதம் உயில் எழுதினார். அந்த உயிலின் நகல் சுப்புலட்சுமியின் தகரப்பெட்டியில் இன்றைக்கும் இருக்கிறது.

"கீழ்புறம் மூன்று ஏக்கரை மூத்தவனும், மேல்புறம் மூன்று ஏக்கரை இளையவனும் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இருவருக்கும் நடுவில் தெற்குவடக்காய் எண்பதடி அகலமுள்ள நிலம் என் மகள் வெள்ளைத்தாய்க்கும் அவள் வயிற்றுப் பெண்மக்களுக்கும் பாத்தியமாகும். அதில் கட்டடம் எழுப்பாமலும் வேலி போடாமலும் வெறுமனே விட்டுவைக்க வேண்டியது. உடன்பிறந்தவள் மண்ணைத் தாண்டி ஒருவன்மேல் ஒருவன் கை ஓங்கமாட்டான் என்று நம்பி இப்படி எழுதிவைக்கிறேன். பெண் சந்ததி இல்லாதுபோனால் மேற்படி நிலத்தை இரு ஆண்வழியாரும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொள்ள வேண்டியது."

அண்ணன் தம்பிக்கு நடுவில் கூடப்பிறந்தவளைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பெற்ற பிள்ளைகள் அதை அத்தை காடு என்றார்கள். வெள்ளைத்தாயின் மகள் சுப்புலட்சுமி. பட்டா இப்போது அவள் பேரில்.

வத்தல் களம் இருந்த இடத்தில் ஒருகாலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வந்தது, பிறகு பட்டாசு வந்தது. மூத்தவரின் மகன் அய்யாதுரை கிழக்கே கம்பெனி போட்டார். இளையவரின் மகன் காளிராஜ் மேற்கே போட்டார். அத்தை காடு மட்டும் அப்படியே கிடந்தது. அதில் ஆடு மேய்ந்தது, ஆறேழு வேப்பமரம் தானாக முளைத்துப் பெரிசாயிற்று, அவ்வளவுதான்.

அது எதற்குக் கிடந்தது என்று சுப்புலட்சுமிக்குத் தெரிந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதத்தில். கிழக்குக் கம்பெனியில் ஒன்பதாம் நம்பர் ரூம் வெடித்தது. ஒன்பது போய் பத்து, பத்து போய் பதினொன்று. தீ காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடியது. அத்தை காட்டின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. அந்த வருஷம் ஆடுகள் மொட்டையாக மேய்ந்திருந்தன, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. மேற்குக் கம்பெனியில் இருந்த அறுபது எழுபது பொம்பளைகளும் கேட் வழியாக ஓடித் தப்பினார்கள். கிழக்கே நாலு பேர் போனார்கள். நாலாவது, சுப்புலட்சுமியின் ஒரே மகள் அனுப்பிரியா. தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

பெற்ற மகளைக் காப்பாற்றாத மண். ஆனால் அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரையும் காப்பாற்றிய மண். அதைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை. அந்த வருஷத்திலிருந்துதான் அவள் களை எடுக்க ஆரம்பித்தாள்.

*

மாசிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் வாசலில் கார் வந்து நின்றது. அய்யாதுரையின் மகன் மணிகண்டராஜ் இறங்கினான். முப்பத்தெட்டு வயசு, இஞ்சினியரிங் படித்தவன். அப்பாவைப் பக்கவாதம் படுக்கவைத்தபிறகு கம்பெனி அவன் கையில். சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ, கருப்பட்டி மிட்டாய் ஒரு கிலோ கொண்டுவந்திருந்தான். அவள் பொட்டலங்களை வாங்கித் திண்ணையிலேயே வைத்தாள், உள்ளே கொண்டுபோகவில்லை.

"வா ராசா. அப்பா எப்டி இருக்காரு?"

"அப்டியேதான் இருக்காக சித்தி. வலது கை வரல. ஒங்கள அடிக்கடி கேப்பாக. காலுக்கு என்ன செய்தீக? விருதுநகர்ல ஒரு டாக்டர் இருக்காரு, வண்டி அனுப்புதேன், போய்ட்டு வாங்க."

"காலு கெடக்குது களுத. காப்பி குடிக்கியா?"

"குடிப்பேன்."

காப்பியைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைக்கிற அளவுக்கு மரியாதையான பிள்ளை. அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"வடக்கேருந்து இந்த வருசம் ஆர்டர் எக்கச்சக்கம் சித்தி. ரூமு பத்தல. ரூமுக்கு நாலு பேருதான்னு சட்டம். நான் எட்டுப் பேர வச்சு ஓட்டுதேன். அதுக்கு மேல ஆளு வெளிய நிக்குது. அத்தை காட்டுல ஒரு இருபது ரூமு போட்டா சீசனத் தாண்டிருவேன்."

"அதுல ரூமு போடக்கூடாதுன்னு தாத்தா எளுதிருக்காகளே."

"எதுக்கு எழுதுனாக? அண்ணன் தம்பி அடிச்சுக்கிடக்கூடாதுன்னு எழுதுனாக. இப்ப காளிராஜ் சித்தப்பா அவுக பக்கத்தையும் எனக்கே குத்தகைக்கு விட்டுட்டாக. ரெண்டும் ஒரே கை. சண்டையே இல்லாதப்ப நடுவுல எதுக்கு சித்தி ஒரு ஆளு?"

நியாயமான கேள்விதான், அதுதான் சங்கடம். சுப்புலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தீக்கு அது தெரியுமா ராசா? நீங்க அண்ணந்தம்பியா, ஒரே ஆளான்னு பாத்தா அது வரும்?"

மணிகண்டராஜ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "நான் கட்டாயப்படுத்த வரல. இப்ப கையெழுத்துப் போட்டா ஒங்க மகன் இருளப்பனுக்கு சூப்பர்வைசர் வேலை. ஒங்களுக்கு இந்த ஓட்டு வீட்ட இடிச்சு மாடி வீடு. போடாட்டியும் ஒண்ணுமில்ல. அனு போனப்பெறகு ஒங்களுக்குப் பொம்பளப் பிள்ளை இல்ல. உயில்படி ஒங்களுக்குப் பெறகு அது எங்களுக்குத்தான். நான் பொறுத்திருப்பேன்."

சாவைப் பற்றிப் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல், மழை வந்தால் விதைக்கலாம் என்பது மாதிரிச் சொன்னான். அனு என்று அவன் வாயில் வந்ததும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகன் இருளப்பன் அந்தக் கம்பெனி வேன் டிரைவர். ராத்திரிச் சோற்றில் உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"யம்மா, நான் கேக்கேன், அந்தக் காட்டால ஒனக்கு என்ன பிரயோசனம்? வேப்பமுத்துப் பெறக்கி நாலு படி. ஊருக்கே ஒண்ணும் வெளையாத காட்ட வச்சிருக்கவுகன்னு பேரு."

"ஒந்தங்கச்சி போன அன்னைக்கி அது இல்லாட்டி ஒம்பொண்டாட்டியும் போயிருப்பா. நெனப்பிருக்கா?"

"அதையே சொல்லு. எத்தன வருசத்துக்குச் சொல்லுவ? அந்தப் பழைய உயில விடு, ஒனக்குப் பெறகு எனக்குத்தான வரும்? அன்னைக்கி நான் எளுதிக் குடுக்கத்தான போறேன். இன்னைக்கே குடுத்தா நீயும் நல்லா இருப்ப."

மறைத்துப் பேசத் தெரியாத பிள்ளை. அதற்காக அவனைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை. மருமகள் மாரித்தாய் ரசத்தை ஊற்றினாள். புருஷன் கை கழுவப் போனதும் குனிந்து, "யத்தே, எளுதிராதீக" என்றாள். "அன்னைக்கி நான் மேக்க சரம் பின்னிக்கிட்டு இருந்தேன். அந்தச் சூடு இன்னும் எம் முதுகுல இருக்கு."

*

சுப்புலட்சுமி மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. மகனிடம் விட்டால் மறுநாளே போய்விடும். மாரித்தாய் பேரில் எழுதினால், புருஷன்காரன் ஒரு நாள் சோறு தின்ன மாட்டேன் என்றால் முடிந்தது, அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஒரு ஆள் கையில் இருக்கிற நிலம் ஒரு ஆள் அழுதால் போய்விடும். இதைத்தான் அவள் திருப்பித் திருப்பி நினைத்தாள்.

நாலாம் நாள் பஜாருக்குப் போகிற வழியில் பெரியதெருப் பக்கம் அந்தப் பூட்டிய வீட்டைப் பார்த்தாள். அரண்மனை மாதிரி இரண்டு மாடி வீடு. முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. பதினேழு பங்காளிகள். ஒருத்தன் சிங்கப்பூரில், ஒருத்தி கோவில்பட்டியில், இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லை. விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது, ஒரு ஆணி அடிக்கவும் முடியாது. கூட்டுச் சொத்து கொத்துவேலைக்கு ஆகாது என்று ஊரில் சொல்வார்கள். சுப்புலட்சுமி நடுரோட்டில் நின்று அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டியது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் விருதுநகருக்கு பஸ் ஏறினாள்.

பத்திர எழுத்தர் பீர் முகைதீன் வத்தல் கமிஷன் கடைகளுக்கு மேலே மாடியில் இருந்தார். கீழே மூட்டை தட்டினால் மேலே ஆள் தும்முவார்கள். அந்தப் படியை இருமாமல் ஏறியவர் கிடையாது. அவருடைய வாப்பா காலத்திலிருந்தே குருவையா வம்சத்துப் பத்திரமெல்லாம் அங்கேதான். பழைய உயிலின் நகலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார்.

"யக்கா, இந்தக் கடைசி ஷரத்து இன்னைக்கி நிக்காது. பட்டா ஒங்க பேருக்கு மாத்துறப்பவே நான் வக்கீல்ட்டயும் கேட்டுட்டேன். ஒங்கம்மாவோட அது முடிஞ்சுபோச்சு. இது ஒங்க சொத்து. நீங்க யாருக்கு வேணாலும் உயில் எழுதலாம். ஒங்க சொந்தக்காரப் பிள்ளை சும்மா பூச்சி காட்டுறாரு."

"அப்பம் எளுதுங்க. எழுபத்திரண்டு சென்டு இருக்குல்லா, எழுபத்திரண்டு பேருக்கு எளுதுங்க."

பீர் முகைதீன் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த எழுபத்திரண்டு பேரு?"

"ரெண்டு கம்பெனிலயும் வேல பாக்குற பொம்பளைகள்ல ரொம்ப நாளா இருக்கவுக. ஆளுக்கு ஒரு சென்டு. பிரிச்சுக் குடுக்கவேண்டாம், சேத்தாப்புல. பெரியதெருவுல பூட்டிக் கெடக்கே அந்த வீடு, அது மாதிரி ஆயிரணும். ஒருத்தரும் ஒண்ணும் கட்டக்கூடாது."

அவர் கண்ணாடியை மேஜையில் வைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "யா அல்லா! எல்லாரும் சொத்து சேரணும்னு உயில் எழுதுவாக. சேராம இருக்கணும்னு எழுத வந்த ஆளு நீங்கதான். பிரிவுபடாத பாகம்னு போட்டுருவோம். ஒருத்தி திருப்பூர் போயிருப்பா, ஒருத்தி செத்திருப்பா, ஒருத்தி மாமியாரோட சண்ட போட்டுக் கையெழுத்துப் போடமாட்டா. ஒங்க மணிகண்டராஜ் தலைகீழா நின்னாலும் எழுபத்திரண்டு கையெழுத்த ஒண்ணு சேக்க முடியாது. அக்கா, பெரிய மூளை ஒங்களுக்கு."

அவளுக்கு அனு போனபிறகு முதல் தடவையாக நெஞ்சு லேசாயிற்று. அவர் வாங்கிக் கொடுத்த எண்ணெய்ப் பரோட்டாவை வேண்டாம் என்று சொல்லாமல் இரண்டு தின்றாள்.

"ஆனா பேரு, வீட்டுக்காரர் பேரு, கதவு நம்பர், ஆதார் எல்லாம் வேணும்" என்றார் அவர். "வெளிய தெரியாமக் கொண்டாங்க."

எழுபத்திரண்டு பொம்பளைகளிடம் ஆதார் கேட்டு வெளியே தெரியாமல் இருக்குமா? இருந்தால் அது இந்த ஊர் இல்லை.

பேர் எழுதுகிற வேலையை மாரித்தாய் ஏற்றுக்கொண்டாள். போன வருஷத்து மாதக் காலண்டரின் பின்பக்கத்தில், வேனில் போகவும் வரவும் எழுதினாள். அதுவும் சுலபமாக இல்லை. பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைக்கிறவளின் பேர் தெரியவில்லை. சாத்தூர்க்காரி, குட்டச்சி, மத்தாப்புச் செல்லம், தண்ணி கேக்கிறவ. அவரவர் பேரை அவரவரே ஒருதடவை நினைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எம் பேரு அருணாதேவி. கல்யாணத்துக்குப் பெறகு எவளும் கேட்டதில்ல" என்றாள் குட்டச்சி என்று பேர் போனவள்.

அந்த அருணாதேவி ஞாயிற்றுக்கிழமை சுப்புலட்சுமியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். நாற்பது வயசிருக்கும், விரலெல்லாம் பட்டாசு மருந்து ஏறி வெள்ளிப்பூச்சு பூசினாற்போல் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளி. காகிதத்தில் மடித்த ஆதார் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எத்தே, நெசமாவா? எம் பேருல மண்ணா?"

"ஒரு சென்டுதான் தாயி. அதுவும் நான் போனப்பெறகு. அத வச்சு நீ ஒண்ணும் கட்ட முடியாது, விக்க முடியாது. சும்மா கெடக்கணும், அதுக்குத்தான்."

"கெடக்கட்டுமே. எங்கய்யாவுக்கும் மண்ணு கெடையாது, எம் மாமனாருக்கும் கெடையாது. புறம்போக்குல குடிசை. நான் செத்தா எம் மக சொல்லுவாள்ல, எங்கம்மாவுக்கு ஒரு சென்டு இருந்துச்சின்னு." அவள் கண்ணைத் துடைத்ததும் இமையில் வெள்ளி ஒட்டிக்கொண்டது. சுப்புலட்சுமிக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, சீனியவரைக்காய் வத்தலும் மோர்ச்சோறும் தின்றார்கள்.

சித்திரை இரண்டாம் வாரம் உயில் பதிவானது. சாட்சிக்கு பீர் முகைதீனின் மகன் ஆசிக்கும், கீழே கமிஷன் கடைக் கணக்கரும் கையெழுத்துப் போட்டார்கள். இருளப்பனுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. தாயிடம் பேச்சை நிறுத்தினான். மணிகண்டராஜுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். அவன் சத்தம் போட வருவான், போலீஸ் அது இதென்று மிரட்டுவான் என்று சுப்புலட்சுமி காத்திருந்தாள். அவன் வரவே இல்லை. அவள் கால் வலிக்குத் தைலம் மட்டும் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினான்.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தைலத்தைத் திறக்காமலேயே வைத்தாள்.

*

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு நாள் படுக்கை. மாரித்தாய் விடியக்காலமே கஞ்சி வைத்து, மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு ஐந்தரை மணி வேனுக்கு ஓடுவாள். சீசன். ஒருநாள் நின்றால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் வரும்போது முன்னைப்போல் வதங்கி வரவில்லை, கொஞ்சம் தெளிச்சலாக வந்தாள். சுப்புலட்சுமி அதைக் கவனித்தாள்தான்.

"என்ன மாரி, இன்னைக்கி வெயிலு இல்லயா?"

"வெயிலுக்கு என்ன கொறச்சல் யத்தே. நீங்க படுங்க."

எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. களை எடுத்து ஒரு வாரமாயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது. வெயில் தாழட்டும் என்று இருக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறி ரோட்டில் இறங்கினாள். மேற்கே ரிசர்வாயர் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது, சுடுகாற்று.

அத்தை காட்டைப் பார்த்ததும் முதலில் ஏதோ திருவிழா என்று நினைத்தாள்.

வேப்பமரத்துக்கு மரம் பழைய சேலைகளைக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். தரையில் கோலமாவால் கோடு இழுத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். எழுபத்திரண்டு கட்டம். பிரிவுபடாத பாகத்தை ஒரு படி கோலமாவில் பிரித்துவிட்டார்கள். சில கட்டத்தின் வாசலில் பூக்கோலம்கூட இருந்தது. கட்டத்துக்கு ஒருத்தியாய் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் தட்டு, தட்டில் கருமருந்து, சாம்பல் நிறத்தில் வாணத்துக்கு உருட்டிய மணி மருந்து, திரிக்கட்டு. கிழக்கேயிருந்து ஒரு ஆள் தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைத்தான், மேற்கேயிருந்து இன்னொரு ஆள். நடுவில் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வழிவிட்டு நடந்தார்கள். கிழக்கு ரூமிலிருந்து மேற்கு ரூம் வரைக்கும் கால் வைக்க இடமில்லாமல் சரக்குக் காய்ந்தது.

சுப்புலட்சுமி ரோட்டிலிருந்து இறங்கிக் காட்டு விளிம்புக்கு ஓடினாள்.

"எந்திரிங்கடி!" என்று கத்தினாள். "எந்திரிங்க எல்லாரும்! யாரு ஒங்கள இங்கன உக்காரச் சொன்னா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முகத்திலெல்லாம் சிரிப்பு. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற சிரிப்பு.

"எத்தே வந்துட்டாக! காச்சல் விட்டுருச்சா?" அருணாதேவி தன் கட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். "யாரும் சொல்லல எத்தே. நம்ம எடம்தான, நம்மளே வந்தோம். ரூமுக்குள்ள எட்டுப் பேரு வேகுதோம். போர்மேன்ட்ட கேட்டோம், ஒங்க எடம், நீங்க உக்காந்தா யாரு கேக்கப் போறான்னாரு. பாருங்க, இது எனக்கு. நானே கோலம் போட்டேன்."

"ஒங்க எடம் நான் செத்தப்பெறகுதாண்டி!"

"ஒங்களுக்கு நூறு வயசு எத்தே. அது வரைக்கும் நாங்க நெளல்ல இருந்துக்கிடுதோம்." சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள்.

இரண்டாவது மரத்தடியில் மாரித்தாய் உட்கார்ந்திருந்தாள். மாமியார் கண்ணைப் பார்க்கவில்லை. கை மட்டும் திரி வைத்துக்கொண்டே இருந்தது.

"நீயுமா மாரி? முதுகுல சூடு இருக்குன்னியே."

"யத்தே, கோவிச்சுக்கிடாதீக." குரல் தாழ்ந்துதான் வந்தது. "நானும் ரெண்டு நாளு வராமத்தான் இருந்தேன். நாலு செவத்துக்குள்ள எட்டுப் பேரு, வாசல்ல சரக்கு. அதுக்கு இது மேல் இல்லயா? ஏதும் ஒண்ணுன்னா இங்கன ஓடுததுக்கு நாலு தெசை இருக்குல்லா."

சுப்புலட்சுமி நாலு திசையையும் பார்த்தாள். கிழக்கே தட்டு. மேற்கே தட்டு. தெற்கேயும் வடக்கேயும் எழுபத்திரண்டு பேர்.

மணிகண்டராஜ் கிழக்கு கேட்டிலிருந்து நடந்து வந்தான். கையில் குடை. வந்து அவள் தலைக்கு மேலே பிடித்தான்.

"இந்த வெயில்ல ஏன் வந்தீக சித்தி? சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல."

"இவுகள எளுப்பு ராசா. ஒன் கால்ல விளுதேன். ரூமு கட்டணுமா, கட்டிக்க. நாலு பேரா வச்சு, தள்ளித் தள்ளிக் கட்டு. இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

"கையெழுத்தா?" அவன் நிஜமாகவே யோசித்தான். "ரூமுன்னா பிளானு, லைசென்சு, இன்ஸ்பெக்சன். ரெண்டு வருசம் இழுக்கும் சித்தி. இப்ப எனக்கு அது தேவப்படல. நான் இவுகள உக்காரச் சொல்லல. நான் எப்டி எழுப்ப? நீங்கதான எழுதிக் குடுத்தீக."

அவள் செல்போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை பீர் முகைதீன் கிடைத்தார். அவளால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. "உயில அளிச்சிருங்க. இன்னைக்கே அளிச்சிருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டு விஷயத்தை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கே ரத்துப் பண்ணிரலாம் யக்கா. அது ஒரு பக்க வேலை. உயில ரத்துப் பண்ணிட்டா அந்தப் பிள்ளைக எந்திரிச்சிருவாகளா?"

அவள் போனை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

குடையிலிருந்து வெளியே வந்தாள். கோலமாவுக் கோட்டை மிதிக்காமல், தட்டுகளுக்கு நடுவே கால் வைக்கக் கிடைத்த இடத்தில் கால் வைத்து, சேலை நுனியை இடுப்பில் சொருகிக்கொண்டு மெதுவாக நடந்தாள். ஒவ்வொருத்தியும் தன் கட்டத்தைக் காட்டினாள். "எத்தே, இது எனக்கு." "இந்த மூலை எனக்கு எத்தே, நல்ல காத்து." சாத்தூர்க்காரி, மத்தாப்புச் செல்லம், தண்ணி கேக்கிறவள். எல்லோருடைய பேரும் இப்போது அவளுக்குத் தெரியும், வீட்டுக்காரர் பேர் தெரியும், கதவு நம்பர் தெரியும். காற்று ஒருதடவை பலமாக வீசியது. சேலைப் பந்தல் உப்பி எழும்பியது, எல்லோரும் ஒன்றுபோலத் தட்டின் மேல் கையை விரித்துப் பொத்திக்கொண்டார்கள். காற்று அடங்கியதும் மறுபடியும் பேச்சும் சிரிப்பும் கிளம்பின.

மாரித்தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். மாரித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குப் போங்க யத்தே. நான் சாயந்தரம் வந்துருவேன்."

"நீ வா, போவோம்."

"இன்னும் நாலு தட்டு கெடக்கு."

சுப்புலட்சுமி ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, வலியோடு மருமகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மாரித்தாய் மருந்துத் தட்டை ஒரு சாண் தள்ளிவைத்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.